சென்ட்ஓஎஸ் 6-இல் பைத்தான் 3.9: எஸ்எஸ்எல் மட்டும் சேரவில்லை

ஏற்காட்டுக்காரன்: எங்கள் காப்பித் தோட்டத்து எடைமேடைக் கணினியில் இன்னமும் சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது, எடை வாங்கும் நிரலை மாற்ற வழியில்லாததால், அதன் மேலேயே பைத்தான் 3.9-ஐ மூலநிரலிலிருந்து தொகுத்தேன். மேக் என்ற தொகுப்புக் கட்டளை முடிந்தாலும், மறையாக்கிய இணைப்புகளுக்கான எஸ்எஸ்எல் கூறு உருவாகவில்லை என்று கடைசி வரிகள் சொல்கின்றன. எதை விட்டுவிட்டேன்?

செவ்வாய்ப்பேட்டை: நீங்கள் எதையும் விடவில்லை, ஐயா. பைத்தான் 3.7 முதல் அந்தக் கூறுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 1.0.2 பதிப்பாவது வேண்டும்; உங்களிடம் இருப்பது 1.0.1. அதைத் தொடாமல், 1.1.1-ஐ ஆப்ட் (/opt) அடைவுக்குள் தனியாகத் தொகுத்து, பைத்தானின் கான்ஃபிகர் கட்டளையில் வித்-ஓப்பன்எஸ்எஸ்எல் தெரிவுக்கு அந்தப் பாதையைக் கொடுங்கள். ஆர்பாத்தையும் (ஓடும்போது நூலகத்தைத் தேடும் பாதை) குறிப்பிடாவிட்டால், தொகுக்கும்போது கிடைத்த நூலகம் ஓடும்போது கிடைக்காது.

ஆத்தூரான்: பைத்தான் என்ற பெயரைப் புதியதற்குத் திருப்பிவிடாதீர்கள். பொதிகளை நிறுவும் யம் கருவி எழுதப்பட்டிருப்பது பைத்தான் 2.6-க்கு, சேகோ ஆலை ஒன்றில் நான் அப்படித் திருப்பிய மறுநிமிடமே அது தொடரியல் பிழை காட்டி நின்றுவிட்டது. (திட்டு வாங்கியது தனிக்கதை.) சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பர் 30 அன்றே முடிந்துவிட்டதால், தொகுக்கத் தேவையான பெர்ல் போன்ற துணைப் பொதிகளை, பழைய பதிப்புகளைக் காக்கும் வால்ட் களஞ்சியத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஏற்காட்டுக்காரன்: ஆர்பாத்தைச் சேர்த்ததும் எஸ்எஸ்எல் இம்போர்ட் ஆகிவிட்டது. இருவருக்கும் நன்றி.