கடலூரில் நானோ ஆய்வகம்: முதலில் எதை வாங்குவது?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். கடல் எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர்தான். நானோ அளவில் சாதனங்கள் செய்து பார்க்க ஒரு ஆய்வகம் அமைக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரான் கற்றையால் நுண்ணிய கோடுகள் வரையும் லித்தோகிராஃபி இயந்திரத்தைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தயக்கம். போன ஐப்பசியில் ஸ்பிளிட் ஏசி போட்ட அறையில் சிலிக்கான் வேஃபரில் (மெல்லிய வட்டத் தகட்டில்) ரெசிஸ்ட் என்ற, வெளிச்சம் பட்டால் மாறும் பூச்சைப் பூசி, கோடுகள் பதித்துப் பார்த்தோம். கோடுகளை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலில் முக்கியதும் கோடுகள் அப்படியே உரிந்து மிதந்தன. இரண்டு மாணவிகள் ஒரு வாரம் உழைத்தது. எங்கே தவறினோம்?

முத்தியால்பேட்டைக்காரன்:
மேடம், புதுச்சேரிப் பக்கம் 14 வருடம் ஒரு சுத்த அறையைப் (தூசியும் ஈரமும் கட்டுப்படுத்திய ஆய்வறை) பார்த்துக்கொண்டவன் நான். உங்கள் ரெசிஸ்டை உரித்தது ஈரம். சிலிக்கான்மேல் மெல்லிய ஆக்சைடு எப்போதும் இருக்கும். மழைக்காலக் காற்றின் தண்ணீர் அதில் ஒட்டிக்கொண்டால் ரெசிஸ்ட் பிடிக்காது. வேஃபரை 150 டிகிரிக்கு மேல் சூட்டுத்தட்டில் சில நிமிடம் வையுங்கள். ஆறியதும் எச்எம்டிஎஸ் (ரெசிஸ்ட் ஒட்ட உதவும் வேதிப்பொருள்) கொடுத்து, தாமதிக்காமல் ரெசிஸ்ட் ஊற்றுங்கள்.

அப்புறம் அந்த ஸ்பிளிட் ஏசி. அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நிற்கும், சுருளில் தேங்கிய ஈரம் மறுபடி உள்ளேதான் வரும். 21 டிகிரியில் 45 சதவீத ஈரப்பதம் வேண்டுமானால் காற்றை 9 டிகிரி வரை குளிர்வித்து, தண்ணீரை வடித்து, திரும்பச் சூடாக்கி உள்ளே விட வேண்டும். அதற்குத் தனி ஏஎச்யூ (காற்றைப் பதப்படுத்தி அறைக்குள் அனுப்பும் இயந்திரம்) வேண்டும். உங்கள் முதல் செலவு அதுதான். அது ராத்திரியும் ஓட வேண்டும். நான் இருந்த இடத்தில் ஒரு நிர்வாகி மாலை ஐந்தரைக்கு மெயினை அணைக்கச் சொன்னார். ஒரே மழைக்காலத்தில் ஃபில்டர் சட்டத்தில் பூஞ்சை பிடித்தது. அந்த ஓட்டத்துக்கான மின்கட்டணத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதலை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை முழுவதையும் கிளாஸ் 100 (ஐஎஸ்ஓ 5-க்குப் பழைய பெயர்) ஆக்க வேண்டாம். ஐஎஸ்ஓ எண் குறையக் குறையக் காற்று சுத்தம். அறை ஐஎஸ்ஓ 7 போதும்: ஒரு கனமீட்டரில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,52,000 வரை இருக்கலாம். ஸ்பின்னர் (வேஃபரைச் சுழற்றி ரெசிஸ்ட் பரப்பும் கருவி) இருக்கும் இடத்தை மட்டும், வடிகட்டிய காற்று சீராக ஓடும் லேமினார் மேசைக்குள் வைத்து ஐஎஸ்ஓ 5 ஆக்குங்கள், அங்கே 3,520தான். பலர் மறப்பது ஒன்று: அமில மேசையின் புகைபோக்கி இழுக்கும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று கொடுக்காவிட்டால், கதவிடுக்கு வழியாகத் தெருத்தூசி உள்ளே வரும்.

தினமும் காலையில் நான் முதலில் ஒரு வெற்று வேஃபரில் ரெசிஸ்ட் சுற்றி, மஞ்சள் விளக்கில் சாய்த்துப் பார்ப்பேன். தூசி விழுந்த புள்ளியிலிருந்து விளிம்பு வரை வால்நட்சத்திரம் மாதிரி கோடு ஓடும். வால்களை எண்ணிய பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விடுவேன்.

எலக்ட்ரான் கற்றை வேலைக்கு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் மத்திய அரசு நிதியில் தொடங்கிய ஐஎன்யூபி (இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர்) திட்டம் இருக்கிறது. வெளிக் கல்லூரிக்காரர்களுக்காகவே வந்தது. விண்ணப்பியுங்கள்.

வேதியியல் அக்கா:
ஆக்சைடை அரிக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வாங்கும் முன்பே முதலுதவிக்குக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் வாங்கி வையுங்கள். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, மணிக்கணக்கு கழித்துத்தான் தெரியும், அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். கண்ணாடியை அரிக்கும், பிளாஸ்டிக் பாத்திரம்தான். யாரையும் தனியாக அதைத் தொட விடாதீர்கள். கையுறையும் கட்டாயம். வியர்வையிலும் உங்கள் கடற்காற்றிலும் இருக்கும் சோடியம், வேஃபர்மேல் உள்ள ஆக்சைடுக்குள் புகுந்தால் டிரான்சிஸ்டர் நிலையாக நிற்காது.

கெடிலக்கரை:
மிக்க நன்றி. இன்னொன்று. தரைத்தளத்தில் ஒரு அறை, இரண்டாம் மாடியில் ஒரு அறை, இரண்டும் தருகிறார்கள். அதிர்வுக்குத் தரைத்தளம் நல்லது என்று படித்தேன். ஆனால் 2024-ல் ஃபெஞ்சல் புயலில் அங்கே முழங்கால் தண்ணீர்.

முத்தியால்பேட்டைக்காரன்:
அப்படியானால் மாடிதான். மைக்ரான் அளவு மாஸ்க் அலைனருக்கு (மாஸ்க்கில் உள்ள வடிவத்தை வெளிச்சத்தால் வேஃபரில் பதிக்கும் கருவி) அதிர்வு தாங்கும் மேசை போதும். அதை அறை நடுவில் போடாமல் தூண் ஓரமாகப் போடுங்கள், தளம் நடுவில்தான் அதிகம் ஆடும். ஏஎச்யூவை அதே தளத்தில் உட்கார வைக்காதீர்கள். முடிவெடுக்கும் முன் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, டார்ச் அடித்து, சுவரில் விழும் வெளிச்சம் ஆடுகிறதா என்று பாருங்கள். காலையில் பஸ் ஓடும் நேரத்தில் ஒரு தடவை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை. நுண்ணிய கோடுகளை நாங்கள் அந்த இரண்டு மணிக்குத்தான் போடுவோம்.