முத்து, எஸ்.ஏ., அலெக்ஸ்: ஒருத்தருக்கு வயிறு வலிக்கிறது, இன்னொருத்தருக்குக் கொட்டாவி வருகிறது. ஏன்?

அடைமழை77 கேட்டது:

தமிழ் ஸ்டாண்ட்-அப் (தனி ஆளாக மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைப்பது) பேச்சை எடுத்தாலே மூணு கட்சி ஆகிவிடுகிறது. "மதுரை முத்து மாதிரி சிரிக்க வைக்க ஆளே இல்லை, மத்ததெல்லாம் இங்கிலீஷ் பேசுற பசங்க" என்பது முதல் கட்சி. "முத்து சொல்றது கடி, அரவிந்த் எஸ்.ஏ. பண்றதுதான் ஸ்டாண்ட்-அப்" என்பது ரெண்டாவது. அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' பார்த்துக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தவர்கள் மூணாவது. அதையே பார்த்து "இது பாட்டுக் கச்சேரிப்பா, காமெடி எங்கே?" என்று எழுந்து போனவர்களும் உண்டு.

"அவங்கவங்க ரசனை" என்று முடித்துவிடாதீர்கள். செய்முறையில் எங்கே வித்தியாசம் வருகிறது? ஒருவர் நன்றாகச் செய்கிறாரா என்று நியாயமாகப் பார்க்க எதைக் கவனிக்கணும்?

மைக்ஸ்டாண்டு எழுதியது:

மூணு பேரும் வேறு வேறு அளவில் கட்டுகிறார்கள். அதைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் சண்டைதான்.

முத்துவுக்கு ரெண்டே வரி. முதல் வரி போடுவார், ரெண்டாவது வரியில் அடிப்பார் (சிரிப்பைக் கிளப்புகிற இடத்தைத்தான் 'அடி' என்கிறேன்), மூச்சு விடுவதற்குள் அடுத்தது. விஜய் டிவியில் 2005ல் 'கலக்கப் போவது யாரு' வந்த காலத்திலிருந்து டிவி மேடை கேட்பது இதைத்தான். நடுவில் சேனல் மாற்றி வந்தவருக்கும் புரியணும், ஒண்ணு விழாமல் போனாலும் அடுத்தது காப்பாற்றணும். பலவீனமும் அங்கேயேதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததால் சிரிப்பு சேர்ந்து பெரிதாவதில்லை. 20 நிமிஷத்துக்கு மேல் காது களைத்துவிடும்.

எஸ்.ஏ. ஒரே விஷயத்தைப் பல நிமிஷம் வளர்ப்பார். ஆரம்பத்தில் சும்மா போட்ட ஒரு சொல் கடைசியில் திரும்பி வந்து விழும், கால்பேக் என்பது அதுதான். நடுவில் எழுந்து போய்க் காபி போட்டு வந்தவருக்கு அது கிடைக்காது. அவருடைய 'மெட்ராஸி டா' 2017ல் அமேசான் பிரைமில் வந்தது, பெரும்பாலும் ஆங்கிலம். வெளியூர்க்காரருக்கும் புரியவேண்டும் என்று நம் வீட்டுப் பழக்கத்தை விளக்கிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. நமக்கு அந்த விளக்கம் தேவையில்லை. அவர் அடிக்க வருவதற்குள் நாம் அங்கே போய் உட்கார்ந்திருப்போம். "சிரிப்பு வரலை" என்கிற தமிழ் ஆட்கள் பலருக்கு நடப்பது இதுதான் என்பது என் கணிப்பு.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமானது தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. நம் மொழியில் வினை கடைசியில் வரும். ஜோக்கிலோ, அடிக்கிற சொல் கடைசியில் வரணும். பெரும்பாலும் அந்தச் சொல் பெயர்ச்சொல்லாக இருக்கும். ரெண்டும் மோதுகிறது. ஒரு உதாரணம் கட்டுகிறேன்:

"ரிசப்ஷன்ல கரண்ட் போயிடுச்சு. பொம்பளைங்க எல்லாரும் கழுத்து நகையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சித்தப்பா பாயச வாளியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாருன்னு சொன்னாங்க."

சிரிப்பு 'வாளியை' என்ற இடத்தில் கிளம்புகிறது. அதற்குப் பின்னால் இன்னும் மூணு சொல் பாக்கி. கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மிச்சத்தைக் கேட்கிறது, சிரிப்பு செத்துப்போகிறது. இதையே,

"சித்தப்பாவும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு... பாயச வாளியை."

என்று புரட்டிப் போட்டால் வாளிக்குப் பிறகு பேச்சே இல்லை, அறை முழுக்கச் சிரிப்புக்குத்தான். 'ன்னு சொன்னாரு', 'ன்னு கேட்டான்' என்கிற வால்தான் புதியவர்களின் முதல் எதிரி. "அப்பா கேட்டாரு" என்பதை முன்னால் போட்டுவிட்டு, அப்பாவின் வார்த்தையோடு நிறுத்திவிட வேண்டும். தேர்ந்தவர்களை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள், வால் அநேகமாக இருக்காது. தமிழில் பேசிக்கொண்டே வந்து அடியை மட்டும் ஆங்கிலத்தில் போடுவதற்கும் பாதிக் காரணம் இதுதான். ஆங்கில வாக்கியத்தில் பெயர்ச்சொல் தானாகவே கடைசியில் வந்து நிற்கும்.

பக்கவாத்தியம் எழுதியது:

அலெக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், அவரைத் தவறான தராசில் நிறுக்கிறார்கள்.

அவர் வரவழைப்பது அடையாளம் கண்டுகொள்கிற சிரிப்பு. டி.எம்.எஸ். அடிவயிற்றிலிருந்து எடுப்பார், பி.பி.ஸ்ரீனிவாஸ் காதோடு பேசுகிற மாதிரி பாடுவார். இந்த வித்தியாசம் உங்கள் காதில் ஏற்கெனவே இருந்தால்தான் அதை அவர் மிகைப்படுத்தும்போது சிரிப்பு வரும். பழைய பாட்டுக் கேட்டு வளராதவருக்கு அது வெறும் பாட்டு. மிமிக்ரியிலும் இதே கணக்குதான், அசல் தெரியாதவருக்கு நகல் இனிக்காது. ஆர்மோனியத்தில் ஒரு வரி வாசித்து, நிறுத்தி, முகத்தைத் திருப்புகிறார் பாருங்கள், அந்த நிறுத்தம்தான் அடி. சொல்லே இல்லாமல் விழுகிற அடி.

பாட்டும் சிரிப்பும் கலந்தால் ஸ்டாண்ட்-அப் இல்லை என்பவர்கள் 1949ல் வந்த 'நல்லதம்பி' படத்தின் கிந்தனார் காலட்சேபத்தைப் பார்க்கட்டும். என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனார் கதையின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, படிக்க ஆசைப்படும் பையன் கதையைப் பாடியும் பேசியும் நடத்திக் காட்டுவார். தனி ஆள் மேடையில் பாடி, நிறுத்தி, பேசிச் சிரிக்க வைப்பது நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு இல்லை.

கடைசிவரிசை எழுதியது:

@பக்கவாத்தியம் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைதட்டல் வேறு, சிரிப்பு வேறு. பாட்டு நன்றாக இருந்தால் ஜனங்கள் தட்டுவார்கள். அந்தத் தட்டலையும் சேர்த்து எண்ணி "அரங்கமே அதிர்ந்தது" என்றால் கணக்கு தப்பு. அலெக்ஸின் நிகழ்ச்சியில் சிரிப்பே இல்லாமல் நெகிழ்ச்சியாகப் போகிற பகுதிகள் உண்டு. அவை அழகானவை, நான் மறுக்கவில்லை. ஆனால் காமெடி என்று டிக்கெட் வாங்கி வந்தவர் ஏமாந்தால் அவரைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்று, சரக்கைப் பற்றியது. பொண்டாட்டி தொல்லை, கருப்புத் தோல், குண்டு உடம்பு, பொம்பளை வேஷம். இது வந்தால் அடி எங்கே விழும் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. புண்படுத்துகிறது என்பது ஒரு பக்கம், அதுவே போதுமான காரணம். தொழிலாகப் பார்த்தாலும் எதிர்பாராத திருப்பம் அதில் கிடையாது. இன்னொரு ஸ்டாண்ட்-அப் ஆள் பிரவீன் குமாரும் குடும்பம், கல்யாணம்தான் பேசுகிறார். ஆனால் அடி பெரும்பாலும் பேசுகிற புருஷன் மேலேயே விழுவதால் வீட்டில் மூணு தலைமுறை சேர்ந்து பார்க்க முடிகிறது.

டைமர் எழுதியது:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, அதாவது நியாயமாக எப்படிப் பார்ப்பது என்பதற்கு.

ரீல்ஸை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு நிமிஷத் துண்டில் பெரும்பாலும் இருப்பது கூட்டத்தோடு நடந்த வாக்குவாதம். எழுதித் தயாரித்த சரக்கை வெட்டினால் முன்கதை போய்விடும், அதனால் அது துண்டாக வருவதில்லை. வேகத்தை 1.25ல் வைத்துப் பார்த்தாலும் பாழ். அடிக்கு முன்னால் அரை விநாடி, பின்னால் ரெண்டு விநாடி என்று அளந்து விட்ட இடைவெளியெல்லாம் சுருங்கிவிடும்.

முழு நிகழ்ச்சியை எடுங்கள். முதல் 5 நிமிஷம் வேண்டாம். வந்தவரை வரவேற்கிற உற்சாகத்தில் கூட்டம் எதற்கும் சிரிக்கும். நடுவிலிருந்து 5 நிமிஷம். தாளில் மூணு கட்டம் போட்டு சிறுசிரிப்பு, அறை முழுக்கச் சிரிப்பு, கைதட்டல் என்று தனித்தனியாகக் கோடு போடுங்கள். நிமிஷத்துக்கு 4 முதல் 6 சிரிப்பு என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் அளவு. கதை சொல்பவருக்கு 2, 3 வந்தாலும் போதும், ஆனால் அவை பெரிய சிரிப்பாக இருக்கணும். டிவி நிகழ்ச்சிக்கு இந்தக் கணக்கு செல்லாது. டொய்ங் சத்தம், நடுவர் மேஜை தட்டுகிற ஷாட் எல்லாம் பிறகு ஒட்டப்படக்கூடியவை. அதற்குத் திரையைத் திருப்பிவைத்து, பேச்சை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒரே தராசில் பலரை நிறுக்க 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' என்கிற ஸ்டாண்ட்-அப் போட்டி நிகழ்ச்சி உதவும். 2020ல் வந்தது, நடுவர்கள் கார்த்திக் குமார், பிரவீன் குமார், ராஜ்மோகன். போட்டியாளர்களுக்கு ஒரே மேடை, ஒரே கூட்டம். ஜெயித்த அபிஷேக் குமாரையும் மற்றவர்களையும் அடுத்தடுத்துப் போட்டு, மைக்ஸ்டாண்டு சொன்ன 'வால்' யாரிடம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

நேரில் போனால் அறையையும் கவனியுங்கள். 40 பேர் நெருக்கி உட்கார்ந்த கஃபேயில் விழுகிற அடி, முன் ரெண்டு வரிசை காலியான 300 இருக்கை அரங்கத்தில் விழாது. சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றுகிறது, நடுவில் காலி நாற்காலி இருந்தால் அறுந்துவிடும். கூட்டத்தின் மேல் விளக்கு எரிந்தாலும் அப்படித்தான், யார் பார்ப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஓப்பன் மைக்கில், அதாவது புதியவர்களும் ஏறிப் பேசிப் பார்க்கிற மேடையில், ஆளுக்கு 4, 5 நிமிஷம்தான். அங்கே ஒருவர் தடுமாறினால் அது பெரும்பாலும் புது வரியைச் சோதிப்பது. அதை வைத்து ஆளை எடைபோடக் கூடாது.

அடைமழை77:

வால் விஷயம் கண்ணைத் திறந்தது, நன்றி. ஒரே ஒரு சந்தேகம். அப்பா அம்மா, காலேஜ் பசங்க எல்லாரும் ஒரே ஹாலில். யாரை முதலில் போடுவது?

மைக்ஸ்டாண்டு:

முதலில் முத்து, 10 நிமிஷம். தாமதமாக வந்து உட்காருபவரும் சேர்ந்துகொள்வார். அடுத்து பிரவீன் குமார், 20 நிமிஷம். அலெக்ஸைக் கடைசியில் வையுங்கள், பாட்டு வந்தபின் சும்மா பேசுகிற காமெடி எடுபடாது. கால்பேக் இருப்பதால் எஸ்.ஏ.வை இன்னொரு நாள் தனியாக, முதலிலிருந்து. மறக்காமல் சீலிங் ஃபேன் வேகத்தைக் குறையுங்கள். அந்த இரைச்சலில் சொல்லின் கடைசி அசை கேட்காது, தமிழில் பாதி அடி அங்கேதான் இருக்கிறது.