பிளாக் லிக்கர், ரெசின், மெம்பிரேன்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
எம்.எஸ்சி. கடைசி வருடம், மதுரையில் ஒரு கல்லூரி லேப். சவுக்குத் துண்டுகளைக் காஸ்டிக்கும் சோடியம் சல்பைடும் போட்டு வேகவைத்தால் மிஞ்சும் கறுப்புத் திரவம், அதாவது பிளாக் லிக்கர், ஒரு கேன் இருந்தது. உப்பை நீக்கிவிட்டு, மரத்தின் நார்களை ஒட்டிப்பிடித்து வைக்கும் லிக்னினைத் தனியாக எடுக்க வேண்டும். சோடியத்தைப் பிடிக்கும் என்று கேட்டயான் ரெசினை (சோடியம் போன்ற நேர்மின் அயனிகளை மாற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் மணிகள்) ஆசிட்டில் கழுவி, கண்ணாடிக் குழாயில் நிரப்பி, மேலே லிக்கரை ஊற்றினேன். ஒரு நிமிடம் ஒழுங்காக இறங்கியது. அப்புறம் ரெசின் முழுக்கக் குமிழி விட்டு மேலே எழும்பியது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். சொட்டு நின்றுவிட்டது. மறுநாள் கம்பியால் குடைந்தபோது கேழ்வரகுக் களிக்குள் ஜவ்வரிசி பதிந்த மாதிரி வந்தது. ரெசின் சோடியத்தை வாங்கிக்கொண்டு ஆசிட்டை விட்டிருக்கிறது, பி.ஹெச்., அதாவது காரத்தின் அளவு, விழுந்ததும் கரைந்திருந்த லிக்னின் உள்ளேயே திரண்டுவிட்டது. ஆனால் என்னை இன்னமும் உறுத்துவது வேறு. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜூனியர் பெண், "அண்ணே, தலை சுத்துது" என்றாள். நான் "இரும்மா, ரெண்டு நிமிஷம்" என்றேன்.

கப்பலூரான்:
தம்பி, நேரே ரெசினுக்குப் போனதே தப்பு. முதலில் அல்ட்ராஃபில்ட்ரேஷன், அதாவது நுண்துளை உள்ள சவ்வு (மெம்பிரேன்) வழியாக அழுத்தி வடிகட்டுவது. லிக்னின் பெரிய மூலக்கூறு, மெம்பிரேனில் நின்றுவிடும். உப்பு கீழே போய்விடும். நான் செராமிக் மெம்பிரேனில் ஓட்டியிருக்கிறேன், சூடும் காரமும் அதை ஒன்றும் செய்யாது. மாட்டிக்கொண்டது தண்ணீரில்தான். மிச்ச உப்பைக் கழுவ போர் தண்ணீரை விட்டேன். நம்ம ஊர் போர் தண்ணீர் தெரியுமே, குடத்தில் வெள்ளை படியும். பி.ஹெச்.சும் இறங்கியது, கால்சியமும் சேர்ந்தது, லிக்னின் திரண்டு மெம்பிரேனை அடைத்தது. வரக்காப்பி நிறத்தில் நூலாக ஓடிக்கொண்டிருந்த பெர்மியேட் (மெம்பிரேனைத் தாண்டி வரும் நீர்), என் கண்ணெதிரே மெலிந்து சொட்டாகி நின்றது. சாஃப்ட் தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக் கலந்து கழுவியிருக்க வேண்டும். சூடான காஸ்டிக்கில் இரண்டு நாள் கழுவித்தான் மீட்டேன்.

மேலூர்க்காரி:
கப்பலூர் அண்ணன் சொல்வது பாதிதான் சரி. லிக்னின் எல்லாமே பெரிய மூலக்கூறு இல்லை. சின்னத் துண்டுகள் மெம்பிரேனைத் தாண்டிப் போகும், அதனால்தான் உங்கள் பெர்மியேட் வரக்காப்பி நிறத்தில் வந்தது. அதைப் பிடிக்க ரெசின் வேண்டும், ஆனால் வேறு வகை: அயனி மாற்றாத, ஒட்டவைத்துப் பிடிக்கும் ரெசின். அந்தச் சின்னத் துண்டுகளான ஃபீனால்கள் அதில் ஒட்டும், ஆல்கஹாலில் கழன்று வரும்.

என் கதை சின்னது. வைக்கோல் லிக்கரிலிருந்து எடுத்த லிக்னினை எரித்துப் பார்த்தேன். குரூசிபிளில் வெள்ளைச் சாம்பல் நிறைய நின்றது. சிலிக்கா. காரத்தில் கரைந்து வந்து, பி.ஹெச். இறங்கியதும் லிக்னினோடு சேர்ந்தே விழுந்திருக்கிறது.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். சல்பைடு உள்ள லிக்கரில் எடுத்ததும் ஆசிட்டை ஊற்றாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு விட்டுப் பி.ஹெச்.சை 10 பக்கம் கொண்டுவந்தாலே லிக்னினில் பெரும்பகுதி விழுந்துவிடும். அந்த அளவில் சல்பைடு பெரும்பாலும் கரைசலிலேயே தங்கும். அதற்குக் கீழே இறக்கினால் ஃபியூம் ஹூட்டுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் லேப் கூண்டு) மட்டும், வெளிவரும் வாயுவைக் காஸ்டிக் வழியாக விட்டு. முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அந்த நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கு மரத்துவிடும். தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

வைகைக்கரை:
அந்த லேபில் ஃபியூம் ஹூட் இருந்தது அக்கா. உள்ளே காலி பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தோம். அந்தப் பெண் அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகு சரியாகிவிட்டாள். அன்று சாயங்காலமே பாட்டில்களை எடுத்துவிட்டேன்.