பாக்ஸில் எட்டுப் பேர் நின்றும் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை, எங்கே தப்பு?

மூன்றாம்வரிசை:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் சந்தேகம் இது. ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் அணியில் லைன்பேக்கர் (தடுப்பு லைனுக்குப் பின்னால் நிற்பவர்) கோச்சுக்கு நான் மாணவ உதவியாளன். ஆட்ட வீடியோவை வெட்டி அடுக்குவதுதான் முக்கிய வேலை. டிவிஷன் மூன்று என்பதால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. நடுவில் நின்று இரண்டு பேரைத் தாங்குகிற 320 பவுண்டு ஆள் எங்களிடம் இல்லை. இருப்பதிலேயே பெரிய டேக்கிள் 265 பவுண்டு.

போன மாதக் கடைசியில் ஓட்டத்தில் மட்டும் 287 யார்டு கொடுத்தோம். அடுத்த வாரம் 312. எதிரணிகள் புதிதாக எதுவும் செய்யவில்லை. பவர், கவுண்டர், இடையிடையே இன்சைடு ஸோன் என்று வழக்கமான ஓட்ட ஆட்டங்கள்தான், திரும்பத் திரும்ப அதே. நாங்கள் ஆடுவது 4-2-5 (லைனில் நான்கு, லைன்பேக்கர் இரண்டு, பின்வரிசையில் ஐந்து). இரண்டாம் பாதியில் ஆழத்தில் நிற்கிற சேஃப்டி ஒருவரையும் கீழே இறக்கி, பாக்ஸில், அதாவது லைனை ஒட்டிய நடுப்பகுதியில், எட்டுப் பேரை நிறுத்தினோம். அப்புறமும் பந்து வெளிப்பக்கம் சுற்றிக்கொண்டு 15, 20 யார்டு போகிறது.

பையன்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆட்டம் முடிந்து லாக்கர் ரூமில் அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வருகிற சனிக்கிழமையும் ஓட்டத்தை நம்பிய அணிதான். வீடியோவில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லுங்கள்.

டெக்சாஸ்_அகழி:

தம்பி, பள்ளி அணிகளில் பதினோரு வருடம் டிஃபென்ஸிவ் லைனுக்குக் கோச்சாக இருந்தவன் நான். எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பவர் ஆட்டத்தில் பின்பக்கத்து கார்டு (ஆஃபென்ஸ் லைனில் சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்) தன் இடத்தை விட்டு இந்தப் பக்கம் ஓடி வருகிறார் இல்லையா, அவர் வரும்போது கூடவே ஒரு கேப்பையும், அதாவது இரண்டு பிளாக்கருக்கு நடுவிலுள்ள இடைவெளியையும், கொண்டு வருகிறார். ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடி) முன்னால் நீங்கள் எண்ணிய கேப் வேறு, ஸ்னாப் ஆனபின் இருக்கிற கேப் வேறு. கவுண்டரில் இரண்டு பேர் வருவார்கள். எட்டுப் பேர் நின்றும் ஒரு பக்கத்தில் ஆள் குறைவது இப்படித்தான்.

மூன்று கேள்வி கேட்கிறேன். வீடியோவைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். உங்கள் எண்ட்டை (லைனின் ஓரத்தில் நிற்பவர்) தள்ள வருகிற பிளாக்கரை அவர் எந்தத் தோளால் வாங்குகிறார்? அதே நொடியில் அந்தப் பக்கத்து லைன்பேக்கர் எண்ட்டுக்கு உள்ளே போகிறாரா, வெளியே போகிறாரா? கீழே இறங்கிய சேஃப்டி எங்கே பார்த்து ஓடுகிறார்?

மேடிசன்_வாசகி:

அகழி அண்ணா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் தம்பி, அதுதான் வேர். நான் கோச் இல்லை, இருபது வருடமாக விஸ்கான்சின் ஆட்டம் பார்க்கிறவள். 2014 நவம்பர் 15 அன்று பனி தூறலுக்கு நடுவே மெல்வின் கோர்டன் நெப்ராஸ்காவுக்கு எதிராக 408 யார்டு ஓடியபோது நான் கேம்ப் ராண்டல் ஸ்டேடியத்தில் இருந்தேன். 25 ஓட்டம், மூன்றே குவார்ட்டர். நெப்ராஸ்கா பக்கம் ஆள் குறைவாக இருந்தது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தன் இடத்தை விட்டு ஒரே ஒருவர் நகர்ந்தார், அந்த வழியாகப் பந்து போய்விட்டது.

தடுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க 2014 ரோஸ் பவுல் வீடியோவை எடுங்கள். ஸ்டான்ஃபோர்டு கனமான லைனை வைத்துக்கொண்டு நேராக முட்டுகிற அணி. மிச்சிகன் ஸ்டேட் 24-20 என்று ஜெயித்தது. கடைசி நிமிடங்களில் நாலாவது டவுன் (பத்து யார்டு நகரக் கிடைக்கிற நான்கு முயற்சிகளில் கடைசி), ஒரு யார்டு தேவை. கைலர் எல்ஸ்வொர்த் குவியலுக்கு மேலே பாய்ந்து, பந்தோடு வந்த ஃபுல்பேக்கை நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மிச்சிகன் ஸ்டேட் அணியின் சேஃப்டிகள். பாட் நார்டுஸி அப்போது அங்கே டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அவருடைய குவார்ட்டர்ஸ் என்ற தடுப்பு முறையில் சேஃப்டிகள் ஆழத்தில் போய் ஒளிவதில்லை. கிட்டத்திலேயே நின்று ரிசீவரை (பாஸ் பிடிப்பவரை) படிப்பார்கள். அவர் பிளாக் செய்யக் கிளம்பினால் அடுத்த அடியே முன்னால் வந்துவிடுவார்கள். ஓட்டம் என்று தெரிந்ததும் ஒன்பது பேர். அதற்கான விலையைக் கார்னர்கள் கொடுக்கிறார்கள், வெளியே ரிசீவரோடு தனியாக நின்று.

மூன்றாம்வரிசை:

அண்ணா, அக்கா, நேற்று இரவு இரண்டு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்தேன். 10 யார்டுக்கு மேல் போன ஓட்டம் மொத்தம் 19. அதில் 14-ல் ஒரே கதை. எண்ட் உள்ளே நெருக்கி, வெளித்தோளால் பிளாக்கரின் உள்பக்கம் போய் முட்டுகிறார். ஓட்டம் உள்ளே அடைபட்டு வெளியே திரும்புகிறது. அவர் செய்வது சரிதான். ஆனால் லைன்பேக்கரும் உள்ளே போகிறார். இறக்கிவிட்ட சேஃப்டியும் உள்ளே. வெளியே ஒருவரும் இல்லை.

இன்று காலை கோச்சிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் விஷயத்தைச் சொன்னார். போன வருடம் இங்கே எண்ட்டுகள் வெளிக்கையை விட்டுக்கொடுக்காமல் நிற்கும் முறை, அதாவது பாக்ஸ் செய்வது (எட்டுப் பேர் நின்ற பாக்ஸ் வேறு). பந்து உள்ளே திரும்பும், லைன்பேக்கர்கள் உள்ளே காத்திருப்பார்கள். இந்த வருடம் லைனுக்குப் புதுக் கோச் வந்து எண்ட்டுகளை ஸ்பில் செய்ய, அதாவது உள்ளே முட்டிப் பந்தை வெளியே தள்ள, பழக்கினார். லைன்பேக்கர்களுக்கு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. பாதி அணி ஒரு முறை, மீதிப் பாதி இன்னொரு முறை.

டெக்சாஸ்_அகழி:

பிடித்துவிட்டீர்கள் தம்பி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆனது உண்டு.

ஸ்பில் தப்பில்லை, பாக்ஸும் தப்பில்லை. எதை எடுத்தாலும் பதினோரு பேரும் அதையே எடுக்க வேண்டும். உங்களிடம் எடை இல்லை, வேகம் இருக்கிறது. நானாக இருந்தால் ஸ்பில்லையே வைத்துக்கொள்வேன். பெரிய உடம்போடு நேருக்கு நேர் நின்று கேப்பைக் காக்கிற வேலை குறையும், பந்து பக்கவாட்டில் ஓடும், வேகமுள்ளவர்கள் துரத்தலாம். அப்படியானால் விதி ஒன்றுதான்: எண்ட் உள்ளே போனால் அடுத்தவர் அவருக்கு வெளியே. லைன்பேக்கர் எண்ட்டின் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். அதற்கும் வெளியே ஃபோர்ஸ் ஆள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், பந்தை அவர் உள்ளே திருப்ப வேண்டும். ஒவ்வொரு ஸ்னாப்புக்கு முன்னாலும் யார் ஃபோர்ஸ் என்று வாயால் சத்தமாகச் சொல்லவையுங்கள். சைகை போதாது.

இன்னொன்று, உங்கள் லைன்பேக்கர்கள் யாரைப் பார்க்கிறார்கள்? பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கைப் பார்த்தால் கவுண்டரில் ஏமாறுவார்கள். அவர் முதல் அடியை எதிர்ப்பக்கம் வைப்பதே அதற்குத்தான். கார்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டு லைனை ஒட்டி ஓடினால் பந்தும் அவரோடு வருகிறது. பயிற்சியில் பத்து நிமிடம், கார்டுகளும் லைன்பேக்கர்களும் மட்டும். மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

வேகப்பந்து_ஜெர்சி:

இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா நண்பரே? ஒன்பது பேரை நிறுத்தி ஒவ்வொரு ஸ்னாப்பும் பிளிட்ஸ் அடியுங்கள், எல்லோரும் கோட்டைத் தாண்டிப் பாயட்டும். ஓட்டம் தானாக நிற்கும்.

டெக்சாஸ்_அகழி:

சில ஸ்னாப்பில் நிற்கும் நண்பரே. கோட்டைத் தாண்டிய எல்லோரும் ஒரே திசையில் பாய்ந்த பிறகு பின்னால் மிச்சம் யாரும் இருக்க மாட்டார்கள், ஒரு கேப் தப்பினால் நேரே டச்டவுன். குவார்ட்டர்பேக்கும் ஓடத் தெரிந்தவர் என்றால் இன்னும் ஆபத்து. தடுக்காமல் விட்ட எண்ட்டைப் பார்த்துத்தான் அவர் பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கிறார். எண்ட் பேக்கைத் துரத்தினால் அந்த இடத்துக்கு லைன்பேக்கர் சுற்றி வரவேண்டும், எண்ட் நின்றால் லைன்பேக்கர் உள்ளே. இதை இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிவைத்து மாற்றி மாற்றிக் காட்டினால் குவார்ட்டர்பேக் தயங்குவார். பிளிட்ஸும் அப்படித்தான். எப்போதாவது, முதல் டவுனில், எதிர்பாராத பக்கத்திலிருந்து.

முதல் டவுன் என்று சொன்னதும் ஒரு விஷயம். அங்கே மூன்று யார்டுக்குள் நிறுத்தினால் மீதி இரண்டு டவுனும் உங்கள் கையில். 2018-ல் ஓக்லஹோமாவுக்கு எதிராக, ஓட்டத்தையே நம்புகிற ராணுவக் கல்லூரி அணியான ஆர்மி 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்தை வைத்திருந்தது. ஓக்லஹோமா எவ்வளவு பலமான அணி, கடைசியில் ஓவர்டைமில்தான் 28-21 என்று தப்பியது. ஓட்ட அணி நான்கு நான்கு யார்டாக நகர்ந்தால் உங்கள் ஆஃபென்ஸுக்கு மைதானமே கிடைக்காது.

மேடிசன்_வாசகி:

ஒரு நட்சத்திரத்தைச் சுழியத்தில் நிறுத்துகிற கனவு வேண்டாம் தம்பி, பையன்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். 2024-ல் ஆஷ்டன் ஜென்டி பாய்ஸி ஸ்டேட்டுக்காக 2,601 யார்டு ஓடினார். பாரி சாண்டர்ஸின் 1988 சாதனையான 2,628-க்கு 27 தான் குறை. அந்த சீசனின் கடைசி ஆட்டம், ஃபியஸ்டா பவுல், பென் ஸ்டேட்டுக்கு எதிராக. ஜென்டிக்கு 30 முறை பந்தைக் கொடுத்தார்கள், கிடைத்தது 104 யார்டு. 104 யார்டு சின்ன எண்ணிக்கை இல்லை, ஆனால் ஓட்டத்துக்கு மூன்றரைதான் வருகிறது. 31-14 என்று பென் ஸ்டேட் ஜெயித்தது. முதல் ஆள் தவறவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவது ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அதை மட்டும் தனியாக வெட்டி உங்கள் பையன்களுக்குக் காட்டுங்கள்.

மூன்றாம்வரிசை:

சனிக்கிழமை முடிந்தது, வந்து எழுதுகிறேன். 20-17 என்று ஜெயித்தோம்! ஓட்டத்தில் கொடுத்தது 148 யார்டு.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கார்டைப் பார்க்கும் பயிற்சிதான். முதல் குவார்ட்டரில் பழைய பழக்கம் இரண்டு முறை எட்டிப்பார்த்தது, லைன்பேக்கர் உள்ளே போய்விட்டார். அப்புறம் பையன்களே ஒருவரையொருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு கவுண்டர். கார்டு கிளம்பிய நொடியில் எங்கள் லைன்பேக்கர் சுற்றிப் போய் இரண்டு யார்டு பின்னாலேயே பிடித்துவிட்டார். கோட்டோரத்தில் நான் கத்தியதில் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

41 யார்டு ஒன்று போனது. அது கார்னர். ஃபோர்ஸ் அவர்தான், ரிசீவர் பின்னால் போகிறாரோ என்று பயந்து இரண்டு அடி தாமதித்தார். இந்த வாரம் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் அடுத்த எதிரணி டிரிபிள் ஆப்ஷன் ஆடுகிறது, பந்து மூன்று பேரில் யாரிடமும் போகலாம். எங்கள் பையன்கள் பாதிப் பேர் அதை நேரில் பார்த்ததே இல்லை. அண்ணா, ஒரு வாரத்தில் முடியுமா?

டெக்சாஸ்_அகழி:

வாழ்த்துகள் தம்பி, கோச்சுக்கும் சொல்லுங்கள். கார்னர் தாமதித்ததற்கு அவரைத் திட்ட வேண்டாம். அந்தப் பக்கம் ரிசீவர் இறுக்கமாக நின்றால் ஃபோர்ஸை சேஃப்டிக்கு மாற்றிவிடுங்கள், கார்னருக்கு ஒரே வேலை இருக்கட்டும்.

டிரிபிள் ஆப்ஷனில் டைவுக்கு (நடுவே பாய்பவர்) ஒருவர், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர், பிட்ச்சுக்கு (ஓரத்தில் பந்தை வாங்குபவர்) ஒருவர். இந்த மூன்று பேரும் பந்து எங்கே என்று தேடவே கூடாது. தன் ஆளிடம் பந்து இல்லை என்று தெரிந்தாலும் அவரைப் போய் முட்ட வேண்டும். 2010 ஆரஞ்ச் பவுலில் டிரிபிள் ஆப்ஷன் ஆடிய ஜார்ஜியா டெக்கை அயோவா மொத்தமே 155 யார்டில் நிறுத்தியது. ஒழுங்காக நின்றால் முடியும் என்பதற்கு அது சாட்சி, ஆனால் அயோவாவுக்குத் தயாராக ஒரு மாதம் இருந்தது. உங்களுக்கு ஐந்து நாள். கால் பக்கம் பிளாக் வரும், கைகளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். 2022 முதல் டேக்கிள் பாக்ஸுக்கு (ஆஃபென்ஸ் லைனைச் சுற்றிய நடுப்பகுதி) வெளியே இடுப்புக்குக் கீழ் பிளாக் செய்யக் கூடாது என்று விதி இருப்பதால் கார்னர்களுக்கும் சேஃப்டிகளுக்கும் பழைய பயம் வேண்டாம், லைனில் நிற்பவர்களுக்குத்தான் கவனம்.

திங்கட்கிழமை எதிரணியாக ஆடுகிற பையன்களுக்குப் பந்தே கொடுக்காதீர்கள். பந்து இல்லாமல் ஆப்ஷனை ஓடவிடுங்கள். பந்தைத் தேட வழியில்லை என்றால் ஆளைத்தான் பிடிப்பார்கள். புதன்கிழமை பந்தைக் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் கண் அதன் பின்னால் போகிறது என்று வீடியோவில் எண்ணி இங்கே எழுதுங்கள்.