'டேக்' (take) என்ற ஆங்கிலச் சொல்லை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மாலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். 'டேக்' என்றால் 'எடு' என்று எழுதிப் போட்டிருந்தேன். 'டேக் த பஸ்' வந்ததும் ஒரு சின்னவள், "பஸ்ஸை எப்படி மிஸ் எடுக்கிறது?" என்று கேட்டாள். அப்புறம்தான் தோன்றியது: பஸ் பிடி, போட்டோ பிடி, 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்றால் இரண்டு மணிநேரம் பிடிக்கும். மூன்றுக்கும் நம்முடைய 'பிடி' அழகாகப் பொருந்துகிறது!

'பிரிங்' (bring), 'டேக்' வித்தியாசம் கூட, கொழுந்துக் கூடையை இங்கே கொண்டு வா, அங்கே கொண்டு போ என்று நடித்துக் காட்டியதில் பிரிந்து விளங்கிவிட்டது.

ஆனால் 'டேக் ஆஃப்' என்றால் செருப்புக்குக் கழற்று, விமானத்துக்குக் கிளம்பு. 'டேக் ஆஃப்டர்' என்றால் அம்மாவை உரித்து வைத்திருப்பது. இங்கேதான் திணறுகிறார்கள். இருவர் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். இவற்றை எந்த வரிசையில் கொடுக்கலாம்? வகுப்பெடுக்கும் அக்கா, அண்ணாமார் சொல்லித் தாருங்கள்.