சி.வி.டி. ஆயில் மாற்றம்: டெல்டா வண்டிகளில் கண்டவை

கும்பகோணம், பட்டறை

டெல்டா ஊர்களில் இந்த வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதியது இது. எந்த ஆயில் என்பதை முதலில் பேசிவிடலாம். மற்றதெல்லாம் சரியாகச் செய்து இதில் மட்டும் தவறினால் கியர்பாக்ஸ் போய்விடும்.

சி.வி.டி. என்பது படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ந்து மாறும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதில் இரண்டு புல்லிகள். ஒவ்வொன்றும் எதிரெதிரே இரண்டு கூம்புத் தட்டுகள். நடுவில் இரும்பு பெல்ட் ஓடும், கிரெட்டா போன்ற சில வண்டிகளில் இரும்புச் சங்கிலி. ஆயில் அழுத்தம் கூம்புகளை நெருக்கினால் பெல்ட் மேலேறும், தளர்த்தினால் உள்ளே இறங்கும். எஞ்சினின் இழுவை முழுக்க இரும்பும் இரும்பும் உரசும் அந்த மெல்லிய ஓரத்தின் வழியாகத்தான் போகிறது. ஆயில் அங்கே தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், பெல்ட்டை வழுக்கவும் விடக்கூடாது. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் கிளட்ச் குலுங்காமல் பிடிப்பதற்கென்று உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்திருக்கும். அதை இதில் ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கூம்பின் முகத்தில் கீறல் விழும். பிறகு எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் அந்தக் கீறல் போகாது.

நம் பக்கம் அதிகம் ஓடுபவையும் அவற்றுக்கான ஆயில் பெயரும்: 2014-க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டி, ஜாஸ், அமேஸ் ஆகியவற்றுக்கு எச்.சி.எஃப்-2. முந்தைய தலைமுறை ஹோண்டா சி.வி.டி.க்கு எச்.எம்.எம்.எஃப். இவற்றில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது, கலக்கவும் கூடாது. நிசான் மேக்னைட்டுக்கு என்.எஸ்-3. ஹூண்டாய், கியாவில் ஐ.வி.டி. (சி.வி.டி.க்கு அவர்கள் வைத்த பெயர்) என்று எழுதியிருப்பவற்றுக்கு எஸ்.பி-சி.வி.டி.1. டொயோட்டாவில் டி.சி., எஃப்.இ. என்று இரண்டு உண்டு, சுசுகியில் கிரீன்-1, கிரீன்-2. இந்த இரண்டு கம்பெனி வண்டிகளுக்கும் ஊகிக்காமல் கையேட்டைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

"எல்லா சி.வி.டி.க்கும் பொருந்தும்" என்று முன்பக்கம் போட்ட டின்னை மட்டும் நம்பாதீர்கள். டின்னைத் திருப்பி, உங்கள் வண்டிக்கான பெயர் எழுத்து பிசகாமல் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். லிட்டருக்கு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

தஞ்சாவூர், பட்டறை

கும்பகோணத்து அண்ணன் சொன்னதோடு மாற்றும் முறையைச் சேர்க்கிறேன்.

இந்த அளவு கார்களில் கியர்பாக்ஸுக்குள் மொத்தம் ஆறு முதல் எட்டு லிட்டர் வரை இருக்கும். கீழ் போல்ட்டைக் கழற்றினால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். ஹோண்டா சிட்டியில் மூன்றரை லிட்டர் அளவு. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குத் தரும் பாகம்) வால்வ் பாடியிலும் (ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) கூலர் குழாயிலும் தங்கிவிடும். அதனால் ஒரு தடவை மாற்றினால் புது ஆயில் பாதி, இரண்டாம் தடவைக்கு முக்கால், மூன்றாம் தடவைக்கு எட்டில் ஏழு பங்கு. தவணை தவறாமல் மாற்றி வரும் வண்டிக்கு ஒரு தடவை போதும். முன்பு என்ன ஊற்றினார்கள் என்றே தெரியாத பழைய வண்டியென்றால் நடுநடுவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மூன்று தடவை செய்யுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் தள்ளும் ஃப்ளஷ் வேண்டாம். அடியில் படிந்த இரும்புத் தூள் கிளம்பி வால்வ் பாடியின் ஊசித் துளைகளில் போய் அடைக்கும்.

பிட் அல்லது ராம்ப் இருந்தால் நல்லது. வீட்டு வாசலில் செய்பவர்கள் நான்கு சக்கரத்தையும் ஒரே மட்டத்தில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு நிச்சயம் தப்பும். நம்மூர்க் களிமண் தரையில் ஸ்டாண்ட் காலடி அமிழும், கெட்டியான பலகை வைக்காமல் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

ஆயில் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது இறுகிப்போய் வராவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். கீழே இறக்கிவிட்டு மேலே ஊற்ற வழியில்லாமல் நிற்கும் வண்டியை அப்புறம் டிரக்கில்தான் ஏற்ற வேண்டும். போல்ட் வாஷர் நசுங்கி அடைக்கும் வகை. ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள். ஹோண்டாவில் கீழ் போல்ட் இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர், கியர்பாக்ஸ் ஓடு அலுமினியம். கைப்பலத்தில் இறுக்கி மறை போனால் செலவு பெரிது.

இறங்கிய ஆயிலை அளவுக்கோடு போட்ட ஜாடியில் பிடியுங்கள். எவ்வளவு வந்ததோ அதே அளவு புதிது ஊற்றிவிட்டு, பிறகு அளவுத் துளையில் (ஆயில் மட்டம் பார்க்கும் துளை) சரிபாருங்கள். துடைக்க வேஸ்ட் காட்டன் வேண்டாம், அதன் நூல் உள்ளே போகும். அறுவடைக் காலத்தில் களத்துப் பக்கம் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். நெல் தூசி புனலுக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று: எஞ்சின் ஆயில் மாற்ற வந்த வண்டியில் தவறிப்போய் கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றி விடுவது. எஞ்சினில் பழைய ஆயில் அப்படியே இருக்கும், அதன் மேல் இன்னொரு மூன்றரை லிட்டர் ஏறும், கியர்பாக்ஸோ பாதி காலியாக வெளியே போகும். சர்வீஸ் முடிந்த அன்றே வண்டி நகர மறுக்கிறது என்றால் முதலில் எஞ்சின் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.

மன்னார்குடி, நிசான் வண்டிகள்

அளவு பார்ப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் நம் பக்கம் அதிகம் தவறுவது இதில்தான்.

வழியும் துளை உள்ள நிசான் வகைகளில் ஆயில் வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அந்தத் துளையைத் திறக்க வேண்டும். அதற்கு முன் பிரேக்கை மிதித்தபடி செலக்டரை (கியர் லீவரை) ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி ஒரு சுற்று கொண்டுவர வேண்டும். அப்போதுதான் உள்ளறைகள் நிறையும். ஒழுக்கு நூலாக மெலிந்து சொட்டாகும்போது மூடுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் குறைவு என்று அர்த்தம், கொஞ்சம் ஊற்றி மறுபடி பாருங்கள்.

கத்திரி வெயிலில் மதியம் வெளியே நின்ற வண்டியில் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே ஆயில் 40 டிகிரியில் இருக்கும். துளையைத் திறப்பதற்குள் 60 தாண்டிவிடும். ஆயில் பத்து டிகிரிக்கு முக்கால் சதவீதம் போல விரியும். ஏழு லிட்டர் உள்ள கியர்பாக்ஸில் 80 டிகிரியில் அளவு வைத்தால் இருநூறு மில்லி போல அதிகம் வழிந்துவிடும், ஆறிய பிறகு குறை தெரியும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், ஆயில் நுரைக்கும், கூம்பை நெருக்கும் அழுத்தம் விழும், பெல்ட் வழுக்கும். அதிகம் ஊற்றினாலும் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும், முடிவு அதுவேதான். கோடையில் இந்த வேலையை விடியற்காலையில் வையுங்கள். வெப்பத்தை ஸ்கேனரில் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) பாருங்கள், கியர்பாக்ஸின் மேல் கை வைத்துப் பார்த்துச் சொல்வது கணக்கில் வராது.

அதே ஸ்கேனரில் நிசானுக்கு ஆயில் சிதைவுக் கணக்கு ஒன்று வரும். அந்த எண் (கிலோமீட்டர் அல்ல) 2,10,000 தொட்டால் மாற்ற வேண்டும் என்பது கம்பெனி வைத்த வரம்பு. மாற்றிய பின் அதை அழித்துப் பூஜ்யமாக்க மறந்துவிடாதீர்கள்.

மயிலாடுதுறை, டிராவல்ஸ்

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? கையேட்டில் உள்ளது மேல் வரம்பு. நம் ஓட்டத்துக்கு 40,000 என்று வைத்துக்கொள்வதே சரி. டெல்டா சமதளம்தானே, கியர்பாக்ஸுக்கு என்ன பாரம் என்று கேட்பார்கள். தை, மாசியில் அறுவடை மெஷின் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதும், முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் நகர்வதும், முன்காற்று இல்லாமல் ஏ.சி.யோடு நிற்பதும்தான் ஆயிலைச் சுடவைக்கின்றன.

இதைவிடக் கெடுதல் வீட்டு வாசல் ஏற்றம். வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்திக் கட்டி, தெருவிலிருந்து செங்குத்தாக ஒரு சரிவு வைத்திருப்போம். அதில் ரிவர்ஸில் ஏற்றும்போது கியர்பாக்ஸுக்குள் விசை உச்சத்தில் இருக்கும். சரிவு தொடங்கும் முன் கொஞ்சம் உருண்டு வந்து ஏறுங்கள். நடுச்சரிவில் ஆக்சிலரேட்டரை வைத்தே வண்டியைத் தாங்கி நிறுத்த வேண்டாம், பிரேக் போடுங்கள்.

வரப்போரச் சேற்றில் சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். வழுக்கிச் சுற்றும் சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும் அந்த நொடி அதிர்ச்சி நேராகப் பெல்ட்டில் விழும். சக்கரத்தடியில் சாக்கு, மட்டை போட்டு மெல்ல எடுங்கள்.

திருத்துறைப்பூண்டி, பட்டறை

"லட்சம் தாண்டியும் மாற்றாத வண்டியில் கை வைத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்று பரவலாகச் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. மாற்றிய பிறகு போன கியர்பாக்ஸ்கள் முன்பே வழுக்கிக்கொண்டிருந்தவை. ஆனால் மாற்றும் முன் நிலைமையைப் படித்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மை.

கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பேனைக் கழற்றினால் அதிலுள்ள காந்தங்களில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான பசை இருக்கும். அது இயல்பு, துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். விரலில் குத்தும் சில்லு, மினுமினுக்கும் தகடு இருந்தால் பெல்ட்டோ பேரிங்கோ உதிர்கிறது. அங்கே புது ஆயில் மருந்தாகாது என்று வண்டிக்காரரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், கருகிய வாடை அதைவிட நம்பத்தக்க அடையாளம். பேனைத் திறந்தால் கேஸ்கெட் புதிது போட வேண்டும், வடிகட்டியையும் பார்த்துவிடுங்கள். சில வகைகளில் கூலருக்குப் பக்கத்தில் இன்னொரு காகித வடிகட்டி தனியாக இருக்கும், அதை விட்டுவிடுகிறார்கள்.

20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் உதறல் என்று வரும் எல்லா வண்டிக்கும் ஆயில் காரணம் இல்லை. ஸ்பார்க் பிளக், காயில், எஞ்சின் மவுன்ட் மூன்றையும் பார்த்த பிறகு கியர்பாக்ஸுக்கு வாருங்கள். எஞ்சின் சுற்று ஏறியும் வண்டி ஏறாமல் இரைந்தால் மட்டும் பெல்ட்டைச் சந்தேகப்படலாம்.

நாகப்பட்டினம், கடலோரம்

ஐப்பசி, கார்த்திகை மழை. 2018 நவம்பர் 16 கஜா புயல் கரையேறிய பிறகு தண்ணீரில் நின்ற வண்டிகளை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது.

கியர்பாக்ஸின் மேல்புறம் காற்று போகும் சிறு துளை உண்டு. வெள்ளம் அதற்கு மேல் நின்றால் தண்ணீர் உள்ளே இறங்கும். சூடான கியர்பாக்ஸோடு ஆழத்தில் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி இன்னும் வேகமாக இழுக்கும். அப்படி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். முதலில் கீழ் போல்ட்டைத் திறந்து ஒரு தம்ளர் பிடியுங்கள். தண்ணீர் தனியாகப் பிரிந்தோ, ஆயில் பால்போல வெளுத்தோ வந்தால் முழுவதும் இறக்கி, புதிது ஊற்றி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, தெளிவாக வரும்வரை மறுபடி மாற்றுங்கள். அந்த நிலையிலேயே ஓட்டியிருந்தால் கிளட்ச் தட்டில் ஒட்டிய காகிதப் பட்டை உரியத் தொடங்கியிருக்கும், ஆயிலோடு தீராது.

மழையே இல்லாமல் வெளுத்த ஆயில் வந்தால் ரேடியேட்டர் கூலன்ட் அளவைப் பாருங்கள். பல சி.வி.டி.களில் ஆயிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் கூலன்ட் பக்கத்து அறையில் ஓடுகிறது. நடுத்தகடு அரித்தால் இரண்டும் கலக்கும். அந்தக் கூலரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பட்டுக்கோட்டை

இரண்டு சின்ன விஷயம். வழியில் நின்ற சி.வி.டி. வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, முன்சக்கரம் சுழலச் சுழல பெல்ட்டும் புல்லியும் ஆயில் இல்லாமல் உரசும். முன்சக்கரம் தரையில் படாமல் தூக்க வேண்டும், முடிந்தால் முழு வண்டியையும் டிரக்கில் ஏற்றுங்கள்.

டொயோட்டா ஹைரைடர், ஹைக்ராஸ் ஹைப்ரிட் வண்டிகளில் இ-சி.வி.டி. என்று எழுதியிருப்பதைப் பார்த்து சி.வி.டி. ஆயில் கேட்டு வருகிறார்கள். அதில் பெல்ட்டே கிடையாது, மோட்டாரோடு சேர்ந்த பல்சக்கரத் தொகுதி. கையேடு சொல்லும் ஆயில் மட்டும்தான்.

தஞ்சாவூர், பட்டறை

பழைய ஆயிலைப் பற்றி யாரும் எழுதவில்லை. கொல்லை வாய்க்காலில் சாய்த்துவிடுகிறார்கள், அது நேராக வயலுக்குப் போகிறது. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் கலந்ததைத் தனிக் கேனில் வைத்து, அப்படி என்று சொல்லிக் கொடுங்கள்.