மார்சேய் மீன் சூப்புக்குச் சாசனம் எதற்கு?

தூண்டில்:
தெற்குப் பிரான்சின் மார்சேயில், பழைய துறைமுகப் பக்கம் பேர் போன கடைகளில் புய்யாபேஸ் என்கிற மீன் சூப் சாப்பிட ஆளுக்கு 70 யூரோவாவது எடுத்து வைக்க வேண்டும். சில இடங்களில் முதல் நாளே சொல்லியும் வைக்க வேண்டும். விலைபோகாத முள் மீனை மீனவர்கள் கரையிலேயே வேகவைத்துத் தின்ற சாப்பாடு அது. 1980இல் உணவகக்காரர்கள் சிலர் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். பட்டியலில் உள்ள மீன்களில் நாலு வகையாவது இருக்கணும், சாப்பிடுபவர் கண்முன் மீனைத் துண்டு போட்டுப் பரிமாறணும், இப்படிப் போகிறது. ஏழை வீட்டுச் சட்டியைப் பணக்காரன் மேசைக்குத் தூக்கிக் கொடுத்ததே இந்தச் சாசனம்தான் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பாண்டிப்பேரன்:
மறுக்கிறேன் நண்பரே. அது சட்டம் இல்லை, கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டும். சுற்றுலாக்காரர்கள் தலையில் உறைமீனையும் மஞ்சள் சாயத்தண்ணீரையும் புய்யாபேஸ் என்று கட்டியதால்தான் அதற்குத் தேவையே வந்தது. விலை ஏறியது மீனால். ராஸ்காஸ், சேன்-பியேர், கடல்விலாங்கு எல்லாம் ஒரே வலையில் ஒரே அளவில் விழுகிற மீனா? காலையில் துறைமுகத்தில் படகை ஒட்டிப் போட்டிருக்கும் மேசைகளைப் போய்ப் பாருங்கள். ஒரு மேசையில் நாலு ராஸ்காஸ், அடுத்ததில் ஒரே ஒரு சேன்-பியேர். பேரம் பேசி முடிப்பதற்குள் அதையும் ஓர் உணவகக்காரர் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

தூண்டில்:
அதையேதான் நானும் சொல்கிறேன். என்ன மாட்டியதோ அதைப் போட்டதுதான் மரபு. நம்மூரில் ஏலம் போகாத பொடிமீனைக் குழம்பு வைப்பதற்கு யாராவது பட்டியல் போடுவார்களா? இன்னொன்று, சாசனத்தில் தக்காளியும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன. ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் வந்திறங்கிய ஊரில் இவை நேற்று வந்த சரக்கு. வந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டே வளர்ந்த சமையலுக்கு 1980இல் எதற்குப் பூட்டு?

அரைக்கரண்டி:
ரெண்டு பேரும் மீன் பேரையும் வருஷத்தையும் பேசுறீங்க, அடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இந்தச் சூப்போட உயிரு கொதிதான். வெங்காயம், பூண்டு, தக்காளி, பெருஞ்சீரகச் செடி எல்லாத்தையும் ஆலிவ் எண்ணெயில வதக்கி, சின்னப் பாறை மீன்களைத் தலை முள்ளோட போட்டு வேகவிட்டு, அரைச்சு வடிகட்டணும். அப்புறம் குங்குமப்பூ. பெரிய மீனை இறக்கினதும் தீயைக் கூட்டித் தளதளன்னு கொதிக்க விடணும். அந்தக் கொதியிலதான் எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணியோட கலக்கும். தலையிலயும் முள்ளுலயும் இருந்து இறங்குற பசை அதைப் பிரியவிடாம பிடிச்சுக்கும். சிம்முல வச்சா எண்ணெய் மேல தனியா மிதக்கும். கெட்டியான சதை முதல்ல, சேன்-பியேர் மாதிரி மெல்லிசு கடைசில. இதுக்குப் பல வகை மீன் வேணும்ங்கிறது ருசிக்கணக்கு, பந்தா இல்ல. அந்த வகையில சாசனம் பக்கம்தான் நானு. ஆனா கண்முன்னாடி வெட்டுறது வெறும் நாடகம்.

பாண்டிப்பேரன்:
நாடகம் இல்லை அண்ணே. முழு மீனைக் காட்டினால்தான் உள்ளே என்ன வெந்தது என்று தெரியும். துண்டாக வந்தால் லோத் மீன் என்பார்கள், என்ன சொன்னாலும் நம்ப வேண்டியதுதான்.

உப்புக்காற்று:
தமாஷ் என்னவென்றால், மார்சேய்க்காரர்களில் எத்தனை பேர் இதை வாரம் ஒரு தடவை சாப்பிடுகிறார்கள்? அந்த ஊர் உண்மையில் தின்பது வேறு. லெஸ்தாக் பக்கம் கடற்கரைப் பெட்டிக்கடையில் பானிஸ் வாங்குங்கள். கடலை மாவைக் களியாகக் கிண்டி, உருட்டி ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரித்து, உப்புத் தூவிக் காகிதத்தில் தருவார்கள். விளிம்பு மொறுமொறு, நடுவில் வெண்ணெய் மாதிரி. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த பீட்சா, 1960களில் அங்கே வண்டியிலேயே ஏறிவிட்டது. பாதி நெத்திலி, பாதி சீஸ் என்று கேட்டு வாங்குவார்கள். நோஆய் சந்தைக்குப் போனால் அல்ஜீரிய, துனிசிய மசாலா மூட்டைகள். குஸ்குஸ் என்கிற ரவைச் சாப்பாடு இல்லாத மார்சேயா? இவற்றுக்கெல்லாம் யாரும் சாசனம் எழுதவில்லை, விலையும் ஏறவில்லை.

பாண்டிப்பேரன்:
அது தனித் திரிக்கான பேச்சு. பானிஸுக்குக் கடலை மாவு போதும். அதில் போலி செய்து யாருக்கு என்ன லாபம்?

தூண்டில்:
உப்புக்காற்று சொன்னதோடு பாஸ்திஸையும் சேர்த்துக்கொள்கிறேன். மார்சேயின் அடையாளம் என்று எல்லோரும் தூக்கிப்பிடிக்கும் சோம்புச் சாராயம். 1915இல் பிரான்சு அப்சிந்த் என்ற மதுவைத் தடை செய்ததால் உண்டான இடைவெளியில் வளர்ந்தது. 1932இல் போல் ரிக்கார் தன் சரக்கை ‘மார்சேயின் அசல் பாஸ்திஸ்’ என்று விற்க ஆரம்பித்தார். விளம்பர வாசகமே மரபாகிவிட்டது! புய்யாபேஸ் சாசனமும் இதே கதைதான்.

அரைக்கரண்டி:
விளம்பரமா இருந்தா என்ன, சரக்கு சரியாத்தானே இருக்கு. ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு குளிர்ந்த தண்ணி ஊத்தினா பால் மாதிரி வெளுக்கும். சோம்பு வாசனைக்குக் காரணமான அனெத்தோல் சாராயத்துல கரையும், தண்ணில கரையாது, அதான். ஐஸை முதல்ல போட்டா அது படிகமாகி மேல மிதக்கும். தண்ணி முதல்ல, ஐஸ் கடைசில. இதை எழுதி வச்சதுக்கு யாரும் சண்டைக்கு வரல.

தூண்டில்:
ஐஸை முதலில் போட்டாலும் அதைப் பாஸ்திஸ் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூணு வகை மீனில் வைத்தால் புய்யாபேஸ் இல்லையாம். வித்தியாசம் அங்கேதான்.

பாண்டிப்பேரன்:
வீட்டில் மூணு வகையில் வையுங்கள், ஒண்ணே ஒண்ணில் வையுங்கள், சாசனக்காரர் கதவைத் தட்ட மாட்டார். அதை 70 யூரோவுக்கு விற்கிறவரிடம்தான் என் கேள்வி.

உப்புக்காற்று:
70 யூரோவுக்கு எத்தனை பொட்டலம் பானிஸ் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நடத்துங்கள்.